பன்னிரண்டடி அறை

அக்காவின் அறையில் மூன்று அங்குலத்தைக் காணோம்.

சாவி, குடை என்றால் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடலாம். அங்குலத்தை எங்கே போய்த் தேடுவது? தங்கை டேப்பைச் சுருட்டி, மறுபடி இழுத்து, கதவு நிலையோடு ஒட்ட வைத்துப் படித்தாள். பதினொரு அடி ஒன்பது அங்குலம். குடிவந்த அன்று இதே இடத்தில் நின்று அளந்தபோது மயிரிழை பிசகாமல் பன்னிரண்டு அடி வந்தது.

"அக்கா, ஜன்னல் சுவத்தோட ஒட்டிப் பிடிச்சிருக்கியா?"

"ஒட்டித்தான் பிடிச்சிருக்கேன் குட்டி. நீ ஒழுங்காப் படி."

டேப்பின் முனையைப் பிடிப்பது எப்போதும் அக்காதான். எண்ணைப் படிப்பது இவள். முதல் வேலை கிடைத்தபோது அக்கா வாங்கிக் கொடுத்த பதினாறு அடி டேப் அது. வாங்கிய அன்றே இரண்டு பேரும் சேர்ந்து வீட்டையே அளந்து தீர்த்தார்கள். அலமாரி, அடுப்பு மேடை, கடைசியில் அக்காவின் மூக்கு. அம்மா போன பிறகு இவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, படிக்க வைத்து ஆளாக்கியவள் அக்கா. முப்பத்தைந்து வயதிலும் இவள் அவளுக்குக் குட்டிதான்.

இன்றைக்கு ஒரு புத்தக அலமாரிக்காக அளந்தார்கள். தச்சர் அளவு கேட்டிருந்தார். மூன்று அங்குலத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்வதா என்று அவள் பதினொன்று ஒன்பது என்றே எழுதிக்கொண்டாள். எழுதும்போது பச்சை சிமெண்ட் வாசனை குப்பென்று வந்தது. ஜன்னலுக்கு வெளியே எழும்பி நிற்கும் புதுச்சுவரின் வாசனைதான், வேறென்ன.

அந்தச் சுவர் வந்து மூன்று மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் அங்கே காலி மனை, அதன் நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். மூன்றாம் மாடி ஜன்னல் வரைக்கும் குடை விரித்த மரம். அந்த மரத்துக்காகத்தான் இந்த வீட்டையே பிடித்தது. அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலையில் இருந்தவள். நடைமேடை எண்ணும் தாமதமான நிமிடமும் அவள் வாயில் ஒரு பிசிறு இல்லாமல் வரும். ஊரே அந்தக் குரலைக் கேட்டது, குரலுக்குச் சொந்தக்காரி மட்டும் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறைக்குள் பதினாலு வருடம் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் மைக்கின் முன்னால் வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. அப்புறம் ஒன்றரை வருடம் யாரிடமும் பேசவில்லை.

"மருந்து பாதி வேலைதான் செய்யும்மா. மீதியை வெளிச்சமும் பச்சையும் செய்யணும். ஜன்னல் இருக்கிற ரூமா குடுங்க" என்றார் டாக்டர்.

செய்தது. நாலாவது மாதம் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் வாக்கியம் பேசினாள். மரத்தைத்தான் திட்டினாள். "அஞ்சு மணிக்கே இலையை மூடிக்கிட்டுத் தூங்கப் போயிடுது பாரு, சோம்பேறி." அன்றைக்கு இவள் சமையலறையில் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

பிறகு ஒரு காலை, மரத்தை அறுக்கும் சத்தம். அப்புறம் செங்கல், கலவை, கொத்தனார் கரண்டி உரசுகிற ஓசை. வரிசை வரிசையாக ஏறிவந்த சுவர் ஒருநாள் ஜன்னலைத் தாண்டிப் போயே போய்விட்டது. பூசாத சுவர். செங்கல்களுக்கு இடையிலிருந்து கலவை பிதுங்கி, பிதுங்கினபடியே காய்ந்திருந்தது.

"யாரு குட்டி இதுக்கு அளவு போட்டது? கையை நீட்டினாத் தொட்டுடலாம் போல இருக்கே."

"தெரியலக்கா" என்றாள் இவள்.

அலமாரிக்கு அளந்த அந்த வாரம் மட்டும் அறை இன்னும் ஏழு அங்குலம் குறைந்தது.

அவள் நம்பவில்லை. டேப்பில் பழுது இருக்கும் என்று ஆபீஸிலிருந்து வேறு டேப் கொண்டுவந்து அளந்தாள். பதினொன்று இரண்டு. கீழ்வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்தம்மா அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கட்டில் பெருசும்மா, அதான் நெருக்கமாத் தெரியுது" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா சுவர் வந்ததிலேருந்து எங்க வீட்லயும் சரியில்லதான். பட்டப்பகல்ல லைட்டு போட்டு உக்காந்தா எது காலை எது சாயங்காலம்னே தெரியல. அவர் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாரு. நானும் சும்மா சும்மா அழறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது ஒருக்களித்துத்தான் போனாள். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் முன்பு இரண்டு பேர் தாராளமாக நடக்கலாம்.

வீடு மாற்றிவிடுங்கள் என்று டாக்டர் போனில் சொன்னார். கட்டாயப்படுத்தி இழுக்காதீர்கள் என்றும் சொன்னார். அதுதான் சிக்கல். அக்கா அந்த அறையை விட்டு வர மறுத்தாள். முதலில் சாப்பாட்டுக்கு ஹாலுக்கு வருவாள், அப்புறம் வாசற்படி வரைக்கும், அப்புறம் அதுவும் இல்லை. ஒருநாள் இவள் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா இரண்டு கையாலும் நிலையைப் பற்றிக்கொண்டாள்.  பிடியை விடுவிக்கப் போனபோதுதான் கவனித்தாள், அக்காவின் நகக்கண்ணில் எல்லாம் சாம்பல் நிறத் தூள்.

"ஏன்க்கா வெளிய வர மாட்டேங்கற?"

"அங்க இடம் அதிகமா இருக்கு குட்டி."

சொல்லிவிட்டு அக்கா கட்டிலுக்குத் திரும்பிப் போய், கால்களைச் சேர்த்து, கைகளை உடம்போடு ஒட்டி மல்லாந்து படுத்துக்கொண்டாள். பழைய அக்கா என்றால் கட்டில் முழுக்கக் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்குவாள். 

பத்து அடி. ஒன்பதரை. பகல் பதினோரு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் அளந்தாள், ஒவ்வொரு நாளும் ஆபீஸுக்குப் போகுமுன் அளந்தாள், குளிப்பதற்கு முன்னும் சாப்பிட்ட பிறகும் அளந்தாள். அக்கா முனையைப் பிடித்துக்கொண்டு "படி" என்பாள். ரயில் அறிவிக்கிற அந்தத் தெளிவான குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வேறு சமயமாக இருந்தால் அதற்காகவே கொண்டாடியிருப்பாள். அறைக்குள் ஈரமும் சுண்ணாம்பும் கலந்த ஒரு குளிர்ச்சி, எவ்வளவு துடைத்தாலும் தரையில் ஒரு நீர்க்கசிவு, காதைச் சுவரில் வைத்தால் வெகு தூரத்தில் கொத்தனார் கரண்டி உரசுகிற சத்தம். பக்கத்துக் கட்டடத்தில் வேலை முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. சத்தம் மட்டும் முடியவில்லை.

எட்டு அடி ஆன அன்று அவள் ஜன்னல் திரையை விலக்கினாள். நாள்கணக்கில் யாரும் விலக்காத திரை. வெளியே நாலடி தள்ளி இருக்க வேண்டிய சுவர் ஜன்னல் கம்பிகள் வரை வந்திருந்தது. கம்பிகளுக்கு இடையில் செங்கல். இடுக்குகளில் பிதுங்கிய கலவை கம்பியைச் சுற்றிக்கொண்டு உள்பக்கம் எட்டிப் பார்த்தது. விரலால் தொட்டாள். ஈரம்.

அவள் திரையை மூடிவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரி மேலிருந்த நீளக் குழாயைத் திறந்து அந்த வரைபடத்தை எடுத்தாள். எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சுவர் வந்ததிலிருந்து அந்தக் குழாயைப் பார்க்காமல் இருப்பதே ஒரு வேலையாக இருந்தது.

கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவதுதான் அவள் பிழைப்பு. எந்தக் கட்டடத்தின் அளவும் முதல் தடவையில் ஒழுங்காகக் கூடி வராது. வெளியே சுற்றி அளந்தால் ஒன்று வரும், உள்ளே அறை அறையாக அளந்து கூட்டினால் வேறொன்று வரும். அளவு உதைக்குது என்பார்கள். ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் உதைத்தால் அதைச் சுவருக்குள் போட்டு மூடிவிடுவது வழக்கம். சுவரை இடித்தா பார்க்கப் போகிறார்கள்? எல்லாரும் செய்வது. அவளும் பன்னிரண்டு வருடமாகச் செய்தாள், கை அதற்குப் பழகிவிட்டது.

அந்தக் காலி மனையின் கோப்பு வந்தபோது உதைத்தது அங்குலம் இல்லை, ஆறு அடி. இரண்டு மாடிக் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவில் பத்தடி விட வேண்டும். அவர்கள் கேட்டபடி கட்டினால் மிஞ்சுவது நாலடி.

"படத்துல பழைய கட்டடத்தோட சுவரைக் கொஞ்சம் உள்ள தள்ளிடுங்க மேடம்" என்றார் ஆபீஸ் இன்ஜினியர். "எவன் டேப்பைத் தூக்கிக்கிட்டு அங்க வரப்போறான்?"

அந்தப் பழைய கட்டடம் இவள் குடியிருக்கும் கட்டடம். அந்தச் சுவர் அக்காவின் ஜன்னல் சுவர். தெரிந்தேதான் செய்தாள். இரண்டு மாடிதானே, நம் ஜன்னல் அதற்கு மேலே, மரம் போனாலும் வானமாவது தெரியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கோட்டைப் பிடித்து ஆறு அடி உள்ளே நகர்த்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அவர்கள் ஐந்து மாடி கட்டினார்கள். பாவிகள், சொன்னதை மீறிவிட்டார்கள் என்று அவள் தினமும் மனசுக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

விரித்த காகிதத்தில் அக்காவின் அறையைத் தேடினாள். சின்னச் செவ்வகம். ஆறு அடி.

அறை காகிதத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால் அவளுக்கு அப்போது பயத்தைவிட நிம்மதிதான் அதிகம். ஆறு அடியில் நின்றுவிடும். ஆறு அடியில் ஒரு மனுஷி படுக்கலாம், உட்காரலாம், மூச்சு விடலாம். அதற்குள் வேறு வீடு பார்த்துவிட வேண்டும். பார்த்தாள். ஒரு குளக்கரையில், தரைத்தளத்தில், மூன்று பக்கமும் ஜன்னல் வைத்த வீடு. வாசலில் புங்க மரம். ஞாயிற்றுக்கிழமை சாவி தருகிறேன் என்றார் வீட்டுக்காரர். டாக்டரே ஆளோடு வந்து, ஊசி போட்டு, தூக்கத்திலேயே அக்காவை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பதாக ஏற்பாடு. கண்ணை விழித்தால் தண்ணீர் தெரியும்.

புதன்கிழமை ஆறு அடி. வியாழக்கிழமை ஆறு அடி. வெள்ளிக்கிழமை காலையிலும் ஆறு அடி, மயிரிழை பிசகாமல். நின்றுவிட்டது. அக்காவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். நெற்றி சில்லென்று இருந்தது.

"இன்னும் ரெண்டே நாள்தான்க்கா. குளம் பாக்கப் போறோம்."

"டேப்பை வச்சுட்டுப் போ குட்டி. நான் பாத்துக்கறேன்."

"தனியா எப்படி அளப்ப? முனையைப் பிடிக்க ஆள் வேணாமா?"

"முனையை நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் அக்கா. "நீ வந்து படி."

ஆபீஸில் மதியம் வரைக்கும் அவளுக்கு வேலையில் ஒரு குறையும் இல்லை. பாட்டுகூட முணுமுணுத்தாள். இரண்டரை மணிக்கு இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். "மேடம், உங்க வீட்டுப் பக்கத்துக் கட்டடம் இருக்குல்ல, அதோட கடைசிப் படம் ஒரு பிரிண்ட் வேணும். யாரோ வந்து பாக்கறாங்களாம்."

"அதான் குழாய்ல இருக்கே சார். ரெண்டு மாடிப் படம்."

"அது பழசு. அஞ்சு மாடிக்குத் திருத்தினோமே, அது. நீங்கதான் திருத்திக் குடுத்தீங்க."

"நானா?"

"பின்ன நானா? கோப்பு நம்பரைப் போட்டுப் பாருங்க."

நம்பரைப் போட்டாள். திரையில் படம் விரிந்தது. மூலையில் திருத்தம் இரண்டு, தேதி, வரைந்தவர் என்ற இடத்தில் அவள் பெயரின் முதலெழுத்து. ஒரு நாளைக்கு இருபது திருத்தம் வரும். எந்தக் கட்டடம், எந்தத் தெரு என்று யார் பார்ப்பது? வெறும் நம்பர். மாடி உயர உயர இடைவெளியும் உயர வேண்டும் என்பது விதி. ஐந்து மாடிக்குப் பதினாறு அடி. இன்னும் ஆறு அடி உதைத்திருக்கிறது. தேநீர் ஒரு கையில், மவுஸ் மறுகையில், யாருடனோ எதற்கோ சிரித்தபடி அவள் அந்தக் கோட்டை இன்னும் ஆறு அடி உள்ளே தள்ளியிருக்கிறாள்.

பன்னிரண்டில் ஆறு போனது. ஆறில் ஆறு போனது.

படத்தில் ஹால் இருந்தது. அவள் அறை இருந்தது. சமையலறை இருந்தது. ஹாலிலிருந்து அக்காவின் அறைக்குப் போகும் கதவும் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அறை இல்லை.

பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

மூன்றரை மணி வெயில் தெருவெங்கும் கொட்டிக் கிடந்தது. சந்து திரும்பியதும் நிழல். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் இருந்த நாலடி இடைவெளியைத் தேடினாள். இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. கீழ்வீட்டுக்காரம்மா படியில் உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டும் திரும்பவில்லை.

முதல் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. சாவியைத் தலைகீழாகச் செருகினாள், திருப்பிச் செருகினாள். ஏறியது.

ஹாலில் பச்சை சிமெண்ட் வாசனை. மூக்கை அடைக்கும் வாசனை.

"அக்கா!"

அக்காவின் அறைப் பக்கம் திரும்பினாள்.

அக்காவின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. நிலை இருந்தது. நிலைக்குள், மேலிருந்து கீழ் வரை, இடதிலிருந்து வலது வரை, செங்கல். பூசாத செங்கல். இடுக்குகளில் பிதுங்கிய கலவை இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

வாசற்படியில் டேப் இருந்தது. அவள் எப்போதும் நின்று படிக்கும் அதே இடத்தில், அவளுக்காக எடுத்து வைத்தது போல. அதிலிருந்து மஞ்சள் பட்டை நீண்டு, இடுப்பு உயரத்தில் இரண்டு செங்கல் வரிசைகளுக்கு நடுவே கலவைக்குள் போயிருந்தது.

அவள் கையால் செங்கல்லை அறைந்தாள். நகத்தால் கலவையைப் பிராண்டினாள். பிராண்டப் பிராண்ட உள்ளிருந்து கலவை வந்துகொண்டே இருந்தது.

"குட்டி."

செங்கல்லுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். தெளிவான குரல். பிசிறில்லாத குரல். ரயில் வருவதைச் சொல்கிற குரல்.

"வந்துட்டியா? நான் ஒட்டித்தான் பிடிச்சிருக்கேன். படி."

"அக்கா, பின்னால ஜன்னல்... ஜன்னல் இருக்கா? மூச்சு விட முடியுதா? இரு, ஆளைக் கூட்டிட்டு வரேன், கடப்பாரை கொண்டு வரேன்..."

"படி குட்டி."

மஞ்சள் பட்டை அசைந்தது. உள்பக்கமாக. மெல்ல. அவள் டேப்பை இரண்டு கையாலும் பற்றினாள். கண் தானாக எண்ணுக்குப் போனது.

"பன்னெண்டு அடி" என்றாள்.

பட்டை நகர்ந்தது.

"பன்னெண்டு ஒண்ணு. பன்னெண்டு ரெண்டு. அக்கா, எங்கக்கா போற?"

 செங்கல் மேல் ஒரு காலை ஊன்றி, முழுப் பலத்தோடு பின்னால் இழுத்தாள். அந்தப் பக்கத்து இழுப்பு நிற்கவில்லை, வேகமும் ஆகவில்லை. பதிமூன்று. பதிமூன்றரை. பதினாலு.

"நான்தான்க்கா" என்று கத்தினாள். "அளவு போட்டது நான்தான். ரெண்டு தடவையும் நான்தான். என்னை மன்னிச்சுடுக்கா, பிடியை விட்டுடாத, விட்டுடாத..."

"தெரியும்டி" என்றது சுவர். "படி."

டேப் பதினாறு அடி, ஐந்து மாடிக்கு விதி கேட்ட அதே பதினாறு. அதற்கு மேல் கிடையாது.

பதினைந்து. பதினைந்தரை. பட்டையின் விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. ரத்தம் எண்களின் மேல் வழிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தாள். கலவைக்குள் மறையுமுன் தெரிந்த கடைசி எண்ணைச் சத்தமாகப் படித்தாள்.

"பதினஞ்சு... பதினொண்ணு."

"ம்" என்றாள் அக்கா, பக்கத்திலிருந்து. மிகப் பக்கத்திலிருந்து. "இப்ப அளவு சரியா வந்துடும்."